கண்களை மூடிக்கொண்டு நான் சொன்னது

1

ஞாயிறு மாலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசைமேல் ஊறுகாய் பாட்டிலில் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு உட்காருவேன். அந்த நேரத்தில் மருமகள் மிக்ஸியைப் போடமாட்டாள். வடசென்னையில், திருவொற்றியூரில், அப்போது மணி நாலரை. வெயில் இன்னும் இறங்கியிருக்காது. திரையில் முதலில் ஒரு விரல் தெரியும், அடுத்து சுற்றுகிற மின்விசிறி, அதன்பிறகு டெய்சியின் முகம்.

"சார், கேக்குதா? இன்னா சாப்ட்ட? அங்கயும் ஞாயித்துக்கெழம தானா?"

ஒவ்வொரு முறையும் இதையே கேட்பாள். ஒவ்வொரு முறையும் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகருக்குத் தெற்கே உள்ள ராக்கிங்ஹாமில் என் மகன் ராபின் வீட்டில் இருக்கிறேன். மனைவி இறந்தபின் அவன்தான் அழைத்துக்கொண்டான். இங்கே கடற்கரையில் நின்றால் வடகிழக்கே தொழிற்சாலைப் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரியும். திருவொற்றியூர்க்காரனுக்கு அந்த ஒரு காட்சிக்கு மட்டும் பழக்கம் தேவைப்படவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தேவைப்பட்டது.

ராயபுரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தெருவின் அன்பியத்துக்குப் பொறுப்பாளராகவும் இருந்தேன். கத்தோலிக்கர் அல்லாத வாசகருக்கு ஒரு வரி: ஞாயிறு பூசைக்கு வரும் கூட்டத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது என்பதால், பங்கை, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த பகுதியை, தெருவாரியாகப் பிரித்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்களை ஒரு சிறு குழுவாக்கியிருக்கிறார்கள். அதுதான் அன்பியம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முறை வைத்து ஒருவர் வீட்டில் கூடுவோம். முக்காலியில் மாதா சுரூபம், ஒரு மெழுகுவர்த்தி, நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பாட்டு, நற்செய்தியில் ஒரு பகுதி, கொஞ்சம் மௌனம். அதன்பின் அவரவர் மனத்தில் தோன்றியதைப் பேசுவார்கள். கடைசியில் மன்றாட்டு. ஒருவர் சத்தமாகத் தன் வேண்டுதலைச் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். அப்புறம் டீயும் மசால் வடையும்.

ஊரை விட்டு வந்தபோது இந்தப் பொறுப்பை யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. "நெட்டு கீதுல்ல சார், அங்கேர்ந்தே நடத்து" என்று டெய்சி மரியாதைக்குச் சொன்னாள். நான் அதை ஆணையாக எடுத்துக்கொண்டேன். டெய்சியின் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். அவள் காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறாள். குரல் தெருமுனை வரை கேட்கும். என் கைபேசி முகத்தை அவர்கள் முக்காலியின்மேல், சுரூபத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள்.

"சார மாதா பக்கத்துலயே குந்த வச்சிக்கீறோம்" என்பாள் டெய்சி. கிண்டல்தான். எனக்கோ அது கிண்டலாகவே படவில்லை.

ஒரே குறை, என் குரல் போய்ச் சேர நேரமாகும். எல்லோரும் "கேட்டருளும்" என்று முடித்தபிறகு தனியாக ஒரு "கேட்டருளும்" போய் விழும். "சார் குரலு கப்பல்ல வருது" என்று சிரிப்பார்கள்.

இது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். போன தவக்காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. இதில் வரும் கணவன் மனைவி இருவரிடமும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றவேண்டும் என்றார் கணவர்.

"பீட்டர்னு போடட்டுமா?" என்றேன்.

"பீட்டர் வாணாம் சார். அவுரு ஏசுவையே மூணு தபா தெரியாதுன்னாரு."

"தாமஸ்?"

"அவுரு நம்பாத ஆளு. சேவியர்னு வை. கப்பல் ஏறி வந்தவரு, கெத்தா இருக்கும்."

ஆகவே சேவியர். அவர் மனைவி மேரி. டெய்சி, "எம்பேர அப்டியே போடு, நான் இன்னா திருடியா?" என்றாள். என் பெயரையும் மாற்றவில்லை. அருளப்பன்.

2

இங்குள்ள பங்கில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைச் சேர்த்து ஒரு சிறு குழு நடத்த முடியுமா என்று பங்குத்தந்தை கேட்டார். ஒப்புக்கொண்டதும் படிவங்கள் வந்தன. இங்கே வேதம் வாசிக்கவும் காவல்துறையின் நற்சான்று வேண்டும். படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எனக்குத் தலைப்பெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ராபின் என் தகப்பனார் பெயரை அங்கே போட்டான். சில வாரத்தில் சான்றிதழ் வந்தது. அதிலிருந்து இந்த நாடு என்னை என் அப்பா பெயரால்தான் கூப்பிடுகிறது. துறைமுகத்தில் மூட்டை சுமந்து, கடல் தாண்டாமலே செத்துப்போன மனிதர். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று ஆஸ்திரேலியா எழுதிக் கொடுத்திருக்கிறது.

அப்புறம் அரைநாள் பயிற்சி. என் மகளாக இருக்கக்கூடிய வயதில் ஒரு பெண் நடத்தினாள். ஒருவர் குழுவில் சொன்னது குழுவைத் தாண்டக் கூடாது. ஒருவர் தனியாகச் சொன்னது அந்த ஒருவரைத் தாண்டக் கூடாது, குழுவுக்குள்ளும் வரக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. இதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் கையெழுத்துக் கேட்டாள்.

நான் எழுந்து, எங்கள் ஊரில் இதற்கெல்லாம் காகிதம் தேவையில்லை, நாங்கள் ஒரே குடும்பம் என்று என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அப்படியானால் இது உங்களுக்குச் சுலபமாக இருக்கும்" என்றாள். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கம்பக்கம் இல்லாதவர்களுக்கு ரகசியம் காப்பது பெரிய விஷயமா என்று வழியெல்லாம் ராபினிடம் கேலி பேசிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம்தான் அது நடந்தது.

3

சேவியர் எண்ணூர்ப் பக்கம் துறைமுக ஒப்பந்தக்காரரிடம் கிரேன் ஓட்டுகிறவர். மேரி நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். அவர் ஒரு காலத்தில் குடித்தார். தெருவில் விழுந்து கிடக்கிற குடி அல்ல. வேலைக்குப் போவார், வருவார், குடிப்பார், வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். எங்கள் அன்பியம் அவர்கள் வீட்டில் கூடிய ஒரு நாள், எல்லோரும் போனபின் என்னிடம் "வுட்டுட்டேன் சார்" என்றார். விட்டும் விட்டார்.

அதோடு நான் அவரை விட்டிருக்கலாம். விடவில்லை. அவரை எழுப்பி நிறுத்திச் சாட்சி சொல்லவைத்தேன். முதலில் எங்கள் குழுவில். பிறகு விம்கோ நகர்க் குழுவில். அதற்கப்புறம் பங்குத் திருவிழாவில், ஒலிபெருக்கியில். ஒவ்வொரு முறையும் அவரை அறிமுகப்படுத்துகிற பேச்சு என்னுடையது. அது அவர் பேச்சைவிட நீளம். "எங்கள் அன்பியத்தின் கனி" என்று சொல்வேன். வேதியியல் ஆய்வகத்தில் சோதனை பலித்ததும் குழாயைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்குக் காட்டுவேனே, அதே மாதிரி.

ஒருமுறை அவர், "போதும் சார், பேஜாரா கீது" என்றார். தாழ்மையால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன தவக்காலத் தொடக்கத்தில் மேரி எனக்குத் தனியாகப் போன் செய்தாள்.

"சார், அந்தாளு திரும்ப ஆரம்பிச்சிட்டாரு. நெறைய நாளாவே. அவுரே போயி ஒரு எடத்துல சேர்ந்துக்கினாரு. ஊருக்கு வெளிய, குடிய நிறுத்துற எடம். தெருவுல தூத்துக்குடிக்கு வேலைக்குப் போயிக்கீறார்னு சொல்லிக்கீறேன். நீ யாராண்டயும் சொல்லாத சார். முக்கியமா நம்ம ஜெபத்துல ஒக்கார்றவங்களாண்ட. எல்லா எடத்துலயும் மைக்கு புடிச்சிப் பேசிட்டாரு, இப்ப எந்த மூஞ்ச வச்சிகினு வருவாரு?"

"புரியுதும்மா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன்.

போனை வைத்தபின் எனக்கு முதலில் வந்தது அவர்மேல் இரக்கம் அல்ல. என் சோதனைக் குழாய் உடைந்துபோன வருத்தம்.

4

அந்த ஞாயிறு டெய்சி வீட்டில் கூட்டம். நான் முக்காலியில் மாதாவுக்குப் பக்கத்தில். மேரி வாசலையொட்டிய நாற்காலியில் முந்தானையால் தலையை மூடி உட்கார்ந்திருந்தாள். நற்செய்தி வாசித்தோம், மௌனமாக இருந்தோம், பேசினோம். மன்றாட்டுக்கு முன் பாய் மேல் இருந்த ஒரு பெண், பெயர் வேண்டாம், மேரியைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னா மேரி, வூட்டுக்காரு தூத்துக்குடி போயி ஒரு போனு கூட இல்லியாமே? உசாரா இரு. அங்க எவளாச்சும் கருவாட்டுக் கொழம்பு வச்சிக் குடுத்து வளைச்சிக்கப் போறா."

எல்லோரும் சிரித்தார்கள். மேரியும் சிரித்தாள், அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

அவளைக் காப்பாற்ற நினைத்தேன் என்று பிற்பாடு ராபினிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்பது எனக்குள் நமைத்துக்கொண்டே இருந்தது. அது மறுபாதி.

கண்களை மூடினேன். கைகளை விரித்தேன்.

"ஆண்டவரே, மதுவின் பிடியில் மறுபடி விழுந்து, அதிலிருந்து எழுவதற்காக மருத்துவ இல்லத்தில் சேர்ந்திருக்கும் எங்கள் சகோதரர் சேவியருக்குத் துணிவைத் தாரும். உண்மை அறியாமல் அவரைப் பற்றி அவதூறு பேசும் நாவுகளைக் கட்டும். இதற்காக உம்மை மன்றாடுகிறோம்."

இரண்டாவது வாக்கியம் கடவுளுக்குச் சொன்னது அல்ல. பாய்மேல் இருந்தவளுக்குச் சொன்னது. பல வருடமாக நான் அப்படித்தான் செய்துவந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. நேரில் கண்டித்தால் பதில் வரும். ஜெபத்தில் கண்டித்தால் யாரும் குறுக்கே பேசமுடியாது. எல்லோருக்கும் கண் மூடியிருக்கும், கை குவிந்திருக்கும்.

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" வரவில்லை. இன்னும் காத்திருந்தேன். வரவில்லை.

"ஹலோ, கேக்குதா? டெய்சி? நெட் கட்டாயிடுச்சா?"

கண்ணைத் திறந்தேன். திரையில் எல்லோரும் இருந்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி ஆடிக்கொண்டிருந்தது. வாசலையொட்டிய நாற்காலி காலியாக இருந்தது.

"நெட்டு நல்லாத்தான் கீது சார்" என்றாள் டெய்சி.

5

மேரி அதன்பிறகு வரவில்லை. என் அழைப்பையும் எடுக்கவில்லை. இரண்டு கூட்டம் கழித்து இன்னும் இரண்டு குடும்பங்கள் நின்றுவிட்டன. அடுத்த முறை யார் வீட்டில் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வந்தவர்களும் மன்றாட்டில் உலக அமைதிக்காகவும் நல்ல மழைக்காகவும் மட்டுமே வேண்டினார்கள். தன் வீட்டு விஷயம் ஒன்றையும் யாரும் வாயில் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்?

சேவியர் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பினார். ஒரு மாலை எனக்கு அவரிடமிருந்தே போன் வந்தது. நான் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன்.

"சார், நான்தான்."

"சேவியர், எப்படி இருக்கீங்க?"

"எப்டி கீறேனா? காலைல டீக்கடைக்குப் போனேன். நம்ம பசங்கதான். 'இன்னா மாமு, தூத்துக்குடி எப்டி கீது? அங்க கடல்ல சரக்கே இல்லியாமே'ன்றான். டீய அப்டியே வச்சிட்டு வந்துட்டேன். வேலைக்குப் போனா மேஸ்திரி வாயாண்ட வந்து மோந்து பாக்கறான். அத்தினி பேருக்கும் தெரிஞ்சிகீது. யாரு சொன்னது? கடவுளா வந்து சொன்னாரு?"

"சேவியர், உங்களுக்காக ஜெபம்தான்…"

"ஜெபம்! நீ அங்க குந்திகினு கண்ண மூடிகினு ஜெபம் பண்ணிட்ட. நான் இங்க கண்ண தொறந்துகினு தெருவுல நடக்கணும். மொதல்ல என்ன மைக்குல ஏத்தி வச்ச. நானா கேட்டேன்? ஏத்துனவனே எறக்கியும் வுட்டுட்ட. அந்த ஜெபக் கூட்டம் இருந்தா ஒரு கை புடிச்சிகினு எழுந்து நிப்பேன்னு நெனச்சிகினு வந்தேன் சார். இப்ப ஜெபம் நடக்கற வூட்டு வாசப்படிய மிதிக்க முடியுமா என்னால? நாளைக்கே நான் திரும்பக் குடிச்சா, அது உன் கணக்கு."

வைத்துவிட்டார். புகைபோக்கிகளில் விளக்கெரிய ஆரம்பித்திருந்தது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

6

இங்குள்ள பங்குத்தந்தையிடம் என் பாவத்தை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அன்பான ஐரிஷ்காரர். மன்னிப்பு வழங்கி, மாதாவை வேண்டும் அருள்நிறை மந்திரத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். கோயிலை விட்டு வெளியே வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். கடவுள் மன்னிப்பது சுலபம். நான் கடவுளுடைய ரகசியத்தைச் சொல்லிவிடவில்லையே.

அன்று மாலை ராபினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான். ராபின் கோயிலுக்கு வருவதில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததிலிருந்தே வருவதில்லை. கிறிஸ்துமஸுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காரில் காத்திருப்பான். இந்த நாடு அவனைக் கெடுத்துவிட்டது என்றே நான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அவன் கோயிலை விட்டது இந்த நாட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு என்ற சின்னக் கணக்கு எனக்கு உறைத்ததில்லை.

"அந்த ஆளுக்கு மட்டுமா பண்ணீங்க?" என்றான்.

"வேற யாருக்கு?"

"பிளஸ் டூவுல எனக்குக் கணக்கு போச்சில்ல. உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த வாரம் நம்ம வீட்லதான் கூட்டம். நான் எல்லாருக்கும் டீ குடுத்துகிட்டு இருந்தேன். நீங்க கண்ண மூடிகிட்டு, 'கணக்கில் தோல்வியுற்று மனம் சோர்ந்திருக்கும் என் மகன் ராபினை…'ன்னு ஆரம்பிச்சீங்க. மொத்தத் தெருவும் 'கேட்டருளும்'னாங்க. நான் தட்டோட நின்னுட்டு இருந்தேன்."

எனக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் நினைவில் இல்லை. அவன் தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தான். இதை எழுதலாமா என்று பிறகு கேட்டபோது, "இப்பவாவது கேக்கறீங்களே" என்றான்.

அந்த வாரமே முடிவு செய்தேன். ஊருக்குப் போவது, சேவியரை நேரில் பார்ப்பது. இதைப் போனில் செய்யக் கூடாது. என் நிரந்தர விசா இன்னும் வரவில்லை. காத்திருக்கிற காலத்தில் நாட்டை விட்டுப் போனால், திரும்பி வர முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். படிவத்தில் பயணக் காரணம் கேட்டார்கள். "மன்னிப்புக் கேட்க" என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

"அப்பா, இத வச்சி உங்கள உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோ" என்றான் ராபின். "சொந்த விஷயம்னு போடுங்க."

"சொந்த விஷயம்தான்" என்றேன். அடித்துவிட்டு அதையே எழுதினேன். முதல் தடவை ஏதோ ஒரு சான்று போதாதென்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அனுப்பினேன். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் எதற்கு என்று மருமகள் கேட்டாள். முழங்கால் இருப்பதே அதற்குத்தான் என்றேன். அனுமதி வந்தது.

7

விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கி, வெயில் தாழ்ந்ததும் சேவியர் வீட்டுக்கு நடந்தேன். கம்பிக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. மேரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சேவியர் பனியனோடு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். இளைத்திருந்தார். பூட்டைத் திறக்கவில்லை.

"ஏரோப்ளேன் ஏறியா வந்த?" என்றார்.

"ஆமா."

"சொம்மாவா?"

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன் சேவியர். நான் செஞ்சது தப்பு. ஜெபம்னு சொல்லி உங்கள…"

"இரு, இரு. இங்க இன்னாத்துக்கு சொல்ற? இங்க யாரு கீறா? நான் கீறேன், எம் பொண்டாட்டி கீறா, பக்கத்து வூட்டுக் கோழி கீது. நீ எங்களாண்டயா சொன்ன? அத்தினி பேராண்டல்ல சொன்ன. அங்க போயி சொல்லு."

"சொல்றேன்."

"ஜெபத்துல சொல்லாத. அதுல சொன்னா ஒன்ன யாரும் ஒன்னியும் கேக்க முடியாது. கண்ண தொறந்துகினு சொல்லு. கேக்கறவன் கேக்கட்டும், திட்றவன் திட்டட்டும்."

"நீங்க வருவீங்களா?"

"நான் இன்னாத்துக்கு வரணும்? உன் வேல அது."

உள்ளேயிருந்து மேரியின் குரல் வந்தது: "தண்ணியாச்சும் குடு அந்த மனுசனுக்கு. வேர்த்து வழியறாரு." கம்பி வழியாக ஒரு சொம்பு வந்தது. குடித்துவிட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டெய்சி வீட்டில் எல்லோரையும் கூட்டினேன். டெய்சி வீடு வீடாகப் போய், "வரலன்னா நாளைக்கு மீனு கெடயாது" என்று மிரட்டிக் கூட்டி வந்தாள். மேரி வந்தாள். அதே வாசல் நாற்காலி. சேவியர் வரவில்லை. நான் எழுந்து நின்றேன். நாற்பது வருடம் வகுப்பில் நின்று பேசியவன். வாயைத் திறந்ததும் என்ன வந்தது தெரியுமா?

"அன்பின் ஆண்டவரே…"

கை தானாக விரிந்தது, கண் தானாக மூடியது.

"சார், கண்ணு!" என்று டெய்சி கத்தினாள்.

திறந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு முகங்களை நான் அந்தக் குழுவில் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. மன்றாட்டு நேரத்தில் அவர்கள் எப்படியிருப்பார்கள் என்றே எனக்குத் தெரியாது. சொன்னேன். மேரி தனியாக நம்பிச் சொன்னதை ஜெபம் என்ற பெயரில் வெளியே கொட்டினேன். சேவியரைத் தூக்கிக் காட்டியதும் என் பெருமைக்காகத்தான். அவர் விழுந்ததில் வெட்கப்பட வேண்டிய எதுவும் இல்லை. தானாகவே எழப் போனார். வெட்கப்பட வேண்டியவன் நான் என்றேன்.

கேள்விகள் வந்தன. "அப்ப எம் பொண்ணு விசயத்த ஃபாதராண்ட சொன்னதும் நீதானா?" என்றார் ஒருவர். ஆமாம் என்றேன். "நாவக் கட்டுன்னியே, அது என்னியத்தான?" என்றாள் பாய்மேல் இருந்தவள். ஆமாம், உங்களைத்தான் என்றேன். "மூஞ்சிக்கு நேரா சொல்லிருந்தா நான் அன்னிக்கே மேரியாண்ட மன்னிப்புக் கேட்டிருப்பேன்ல" என்று அவள் அழுதாள். வடைத் தட்டு வந்தபோது மேரி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

அன்றே பொறுப்பை டெய்சியிடம் கொடுத்தேன். "எனக்குப் படிக்கவே தடுமாறும்" என்றாள். படிக்க ஆள் இருக்கிறார்கள், கண்ணைத் திறக்கச் சொல்லத்தான் ஆள் இல்லை என்றேன்.

8

இந்த இடத்தில், அதற்குப் பிந்திய மாதங்களில் சேவியருக்கு என்னென்ன நடந்தது என்று விரிவாக எழுதியிருந்தேன். மொத்தக் குறிப்பையும் போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். டீக்கடையையும் மேஸ்திரியையும் கோழியையும் அவர் ஆட்சேபிக்கவில்லை. இந்தப் பகுதியையும் கடைசிவரை கேட்டார்.

"நல்லா கீது சார்" என்றார். "எடுத்துடு."

"எதாவது தப்பா எழுதிட்டேனா?"

"தப்பு ஒன்னியும் இல்ல. அதான் எடுன்றேன்."

எடுத்துவிட்டேன். எட்டு என்ற எண்ணை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

9

இப்போது எங்கள் அன்பியத்தில் டெய்சி வைத்த ஒரே சட்டம்: அவனவன் தனக்காக மட்டும் மன்றாடவேண்டும். அடுத்தவருக்காக வேண்டவேண்டும் என்றால், அடுத்தவரைக் கேட்டுவிட்டு வரவேண்டும். மீறினால் டெய்சி கண்ணைத் திறந்தே வைத்திருப்பதால் உடனே "ஸ்டாப்பு" என்பாள். போன மாதம் பங்குத்தந்தைக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரையே நிறுத்திவிட்டாளாம்.

இங்குள்ள தமிழ்க் குழுவிலும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தேன். பயிற்சி நடத்திய பெண்ணைத் தேடிப் போய், அன்று நான் ஆற்றிய சொற்பொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவளுக்கு என்னை நினைவில்லை. அப்பா பெயரைச் சொன்னதும் நினைவு வந்தது.

ராபின் கோயிலுக்கு வர ஆரம்பித்துவிட்டான் என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஞாயிறு மாலை கூட்ட நேரத்தில் மட்டும் மாடிக்குப் போகாமல் சமையலறையில் ஏதாவது செய்துகொண்டிருக்கிறான். நான் அதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

திருவொற்றியூரில் என் கைபேசி முகம் இப்போது முக்காலியில் இல்லை. மற்றவர்களோடு வரிசையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தண்ணீர்ப் பாட்டிலில் சாய்ந்திருக்கிறேன். பக்கத்தில் உட்காருகிறவரின் முழங்கையும் எதிர்ச் சுவரும்தான் தெரியும். எனக்கு அது போதும்.

போன கூட்டத்தில் வாசல் பக்கம் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. டெய்சியின் குரல்: "வா நைனா. எடம் கீது பாரு, சார் பக்கத்துல." என் நாற்காலி லேசாக நகர்ந்தது. அடுத்த நாற்காலியில் ஒரு முழங்கை வந்து அமர்ந்தது. கிரேன் கிரீஸ் போகாத கை. நான் திரும்பிப் பார்க்க முடியாது. போன் எப்படித் திரும்பும்? வணக்கம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. என்னோடு பேசுவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம்.

மன்றாட்டு வந்தது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் என் நாவுக்காக வேண்டினேன். ஒவ்வொரு கூட்டத்திலும் அதுதான். அடுத்து அவர் முறை. நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு தனக்காக ஒன்றை வேண்டினார், இரண்டே வாக்கியம். அது என்னவென்று அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

எல்லோரும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். நானும் சொன்னேன். என் குரல் வழக்கம்போல் எல்லோருக்கும் பின்னால் போய்ச் சேர்ந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அது வந்து சேரும்வரை காத்திருந்தார்கள்.